நாணலுக்குப் பின்னால் இரண்டு கண்கள்

போன மே மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது எங்கே கூட்டிப்போவது என்று யோசித்து யோசித்துப் பார்த்து, கடைசியில் எனக்குப் பிடித்த இடத்துக்கே கூட்டிப்போய்விட்டேன். லண்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி, கேம்பிரிட்ஜைத் தாண்டி, விக்கன் ஃபென் என்ற சதுப்புநிலக் காப்பகம். பலகைப் பாதையில் பத்தடி நடப்பதற்குள் நான் முழங்காலிட்டு உட்கார்ந்து ஒரு கோரைத் தண்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அம்மாவும் குனிந்து பார்த்தார். "இது நம்ம கொல்லைக் கிணத்துகிட்ட பறக்குற ஊசித்தட்டான்தானேடா? இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே?"

ஊசித்தட்டான்தான். அதிலும் அன்று அங்கே உட்கார்ந்திருந்தது 'புளூ-டெயில்டு' என்று இங்கே சொல்கிற இனம். வால் முழுக்கக் கறுப்பு, நுனிக்கு முன்னால் மட்டும் பளிச்சென்று ஒரு நீலப் பட்டை. நம்மூர்க் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் கிட்டத்தட்ட இதே சாயலில் ஒன்று பறக்கும், இரண்டும் இஷ்னூரா என்ற ஒரே பேரினம்தான். ஆக அம்மா சொன்னது பெரிய தப்பில்லை, பங்காளி வீட்டுப் பிள்ளையைப் பார்த்து நம்ம வீட்டுப் பிள்ளை என்று சொன்ன மாதிரி.

அன்றைக்கு அம்மாவுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேமராவோ கைப்பேசியோ எடுத்துக்கொண்டு வசந்தத்தில் முதல் முறையாக இதற்காகவே ஒரு காப்பகத்துக்குப் போகிறவர்களுக்கு எது தெரிந்திருந்தால் போதும் என்று.

முதலில் தட்டானுக்கும் ஊசித்தட்டானுக்கும் என்ன வித்தியாசம். சில ஊர்களில் தட்டானைத் தும்பி என்பார்கள், அதுவேதான். இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த பூச்சிகள், 'ஓடோனேட்டா' என்று 1793-ல் ஃபப்ரீசியஸ் என்ற பூச்சியியலாளர் வைத்த பெயர், பல்லுள்ளவை என்று பொருள். (நம் பக்கத்துத் தோட்டங்களில் சர்வசாதாரணமாகத் திரியும் மஞ்சள் ஊசித்தட்டானுக்கு 'கோரமண்டலியானம்' என்று, அதாவது சோழமண்டலக் கரைக்காரன் என்று, 1798-ல் பெயர் வைத்தவரும் இவர்தான்.) தட்டான் தடியாக இருக்கும், உட்காரும்போது இறக்கையை விமானம் மாதிரி இரண்டு பக்கமும் விரித்து வைத்திருக்கும், கண்கள் பெரும்பாலும் நடுமண்டையில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கும். ஊசித்தட்டான் பெயருக்கேற்ற மாதிரி ஊசி, தீக்குச்சியைவிட மெல்லிசு. உட்கார்ந்ததும் நான்கு இறக்கைகளையும் முதுகுக்கு மேலே சேர்த்து மூடிக்கொள்ளும், கண்கள் இரண்டும் தலையின் இரு ஓரத்தில் தள்ளித் தள்ளி இருக்கும், பக்கத்தில் பார்த்தால் உடற்பயிற்சிக்காரர்கள் தூக்குகிற டம்பெல் மாதிரி. இறக்கையைப் பாதி விரித்தபடி உட்காரும் ஊசித்தட்டான்களும் உண்டு, ஆனால் இங்கே அவை கோடையில்தான் வரும் என்பதால் இப்போதைக்கு மறந்துவிடலாம்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கிழக்கு இங்கிலாந்தில் ஃபென் என்று அழைக்கப்படும் பெரிய சதுப்பு நிலப்பரப்பு ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருந்தது, பிறகு தண்ணீரை வடித்து வடித்துக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வயலாக்கிவிட்டார்கள். தப்பித்த சில துண்டுகளில் ஒன்று விக்கன். இங்கே கூரை வேய்வதற்காகக் கோரை அறுத்ததற்கு 1414-ம் ஆண்டிலிருந்து பதிவு இருக்கிறது, கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் டார்வின் இங்கிருந்து வண்டு சேகரித்திருக்கிறார், 1899-ல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு பத்து பவுண்டு கொடுத்து இரண்டு ஏக்கரை வாங்கியது. அந்த அமைப்பின் முதல் இயற்கைக் காப்பகம் அதுதான். அந்த இரண்டு ஏக்கர் இன்று பல மடங்கு வளர்ந்திருக்கிறது. நமக்கு முக்கியம், அங்கே கலங்காத நீர் மெதுவாக ஓடுகிறது அல்லது நிற்கிறது, கரையெல்லாம் நாணலும் கோரையும் மண்டியிருக்கிறது, பூச்சிமருந்து இல்லை. ஊசித்தட்டானுக்கு வேறென்ன வேண்டும்.

ஏன் வசந்தம்? இது தெரியாமல் மார்ச்சில் போய் வெறுங்கையோடு திரும்பியவன் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பறக்கிற ஊசித்தட்டான் என்பது அதன் வாழ்க்கையின் கடைசி அத்தியாயம் மட்டும்தான். மீதி வாழ்க்கை முழுவதும் தண்ணீருக்கடியில், இளரியாக, அதாவது இறக்கை முளைக்காத இளம் பூச்சியாக, வால் பக்கம் மூன்று இலை மாதிரியான செவுள்களோடு, சின்னச் சின்ன நீர்ப்பூச்சிகளைப் பிடித்துத் தின்றுகொண்டு. குளிர்நாட்டில் இந்தத் தண்ணீர் வாழ்க்கை நீளமானது. 'லார்ஜ் ரெட்' என்கிற சிவப்பு ஊசித்தட்டான் வழக்கமாக இரண்டு வருடம் தண்ணீரில் கிடந்துவிட்டுத்தான் வெளியே வரும். குளிர்காலம் முழுக்கத் தயாராகக் காத்திருந்து, ஏப்ரலில் நீர் கொஞ்சம் சூடானதும் கும்பலாகத் தண்டில் ஏறும். அந்த ஆண்டின் முதல் ஊசித்தட்டான் பெரும்பாலும் இதுதான். மே மாதம் பிறந்ததும் நீல இனங்களும் சேர்ந்துகொள்ளும். ஒரே நாளில் கரையோரத்தில் நூற்றுக்கணக்கில் பார்க்கலாம், நேற்று ஒன்றுகூட இருந்திருக்காது.

தண்டில் ஏறிய இளரியின் முதுகு வெடித்து, உள்ளிருந்து வருகிற புதுப் பூச்சியை ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள். இறக்கை முதலில் கசங்கிய துணி மாதிரி இருக்கும், பிறகு விரியும். ஆனால் நிறம் என்று ஒன்றும் இருக்காது. வெளுத்துப்போன வைக்கோல் நிறம், இறக்கையில் மட்டும் புது செலோஃபேன் தாள் போல ஒரு மினுமினுப்பு. அது கைபடாமல் பறந்து தண்ணீரிலிருந்து தள்ளிப் புல்வெளிக்கோ புதருக்கோ போய், சில நாட்கள் தின்று தேறி, முழு நிறம் ஏறிய பிறகுதான் குளத்துக்குத் திரும்பும். அந்த ஆரம்ப நேரத்தில் அதைத் தொட்டால் இறக்கை நிரந்தரமாகக் கோணிப்போகும், ஆகவே தண்டைப் பிடித்து ஆட்டுவது, விரலில் ஏற்றிப் படம் எடுப்பது எல்லாம் வேண்டாம். பக்கத்திலேயே காலியான கூடு தண்டைப் பிடித்தபடி ஒட்டிக்கொண்டிருக்கும், அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படம் எடுங்கள், அது எங்கேயும் போகாது.

எந்த நேரத்தில் போவது என்பதற்கு இரண்டு பதில். பார்ப்பதற்கு மட்டும் என்றால் வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல், காற்று குறைவான நாளில். மேகம் மூடினால் எல்லாம் புல்லுக்குள் இறங்கிவிடும், கடை அடைத்த மாதிரி. ("தட்டான் தாழப் பறந்தால் மழை" என்று நம்மவர்கள் சொல்வது ஊசித்தட்டானுக்குப் பொருந்தாது, அது எப்போதுமே முழங்கால் உயரத்துக்கு மேல் அநேகமாகப் பறப்பதில்லை.) படம் எடுக்க வேண்டும் என்றால் விடிந்த கொஞ்ச நேரத்தில் போவது நல்லது. இரவுக் குளிரில் விறைத்துப்போய்த் தண்டைக் கட்டிக்கொண்டு தூங்கும், உடம்பு முழுக்கப் பனித்துளி கோத்திருக்கும், உடம்பு சூடேறும் வரை அதனால் பறக்க முடியாது. கேமராவை நிதானமாகத் தாங்கியில் வைத்துப் படம் எடுக்க அவ்வளவு அவகாசம் வேறு எப்போதும் கிடைக்காது. ஆனால் மே மாதம் இங்கே ஐந்து மணிக்கே விடிந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் வருடத்தில் இரண்டு நாள்தான் அப்படி எழுந்திருக்கிறேன்.

சரி, போயாகிவிட்டது. தேடுவது எப்படி? பூச்சியைத் தேடாதீர்கள், தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னக் கோட்டைத் தேடுங்கள். ஒரு அடி முன்னால் போனதும் கோடு காணாமல் போகும். பறந்துவிட்டது என்று நினைப்பீர்கள், பறந்திருக்காது. தண்டுக்கு அந்தப் பக்கம் நகர்ந்திருக்கும், நீங்கள் இடது பக்கம் சாய்ந்தால் அது வலது பக்கம் நகரும், தூணைச் சுற்றி ஒளிந்து விளையாடுகிற குழந்தை மாதிரி. உடம்பு மொத்தமும் அந்த மெல்லிய தண்டுக்குப் பின்னால் மறைந்துவிடும், ஆனால் கண்கள் மட்டும் தண்டைவிட அகலமாக இரண்டு பக்கமும் பிதுங்கி உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு இந்தப் பூச்சியின் மேல் பைத்தியம் பிடித்ததே இந்தக் காட்சியால்தான். இதற்கு ஒரு வழி உண்டு, ஒரு கையைத் தண்டுக்கு அந்தப் பக்கம் மெதுவாக நீட்டினால் கைக்குப் பயந்து உங்கள் பக்கமே நகர்ந்து வரும். பாதி நேரம் பலிக்கும், மீதி நேரம் பறந்துவிடும்.

பறந்தால் துரத்த வேண்டாம். நின்ற இடத்திலேயே நின்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டருக்குள் மறுபடி உட்காரும். அதற்குப் பிடிக்காதவை இரண்டு: திடீர் அசைவு, மேலே விழுகிற நிழல். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து உங்கள் நிழல் விழாதபடி, நின்று நின்று, கடைசி ஒரு மீட்டரை ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு கடந்தால் கைக்கெட்டும் தூரம் வரை அனுமதிக்கும்.

இனி படம். ஊசித்தட்டானின் உடம்பே எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும். கிட்டத்தில் எடுக்கும்போது எந்த லென்ஸிலும் கூர்மையாக விழுகிற ஆழம் சில மில்லிமீட்டர்தான், அதற்கு முன்னும் பின்னும் மங்கிவிடும். தட்டான் இறக்கையை விரித்து உட்கார்வதால் தலையைப் பிடித்தால் இறக்கை மங்கும், இறக்கையைப் பிடித்தால் வால் மங்கும். ஊசித்தட்டானோ தலை, மார்பு, மூடிய இறக்கை, வால் எல்லாவற்றையும் ஒரே தளத்தில், ஒரு காகிதத்தில் வரைந்த மாதிரி வைத்துக்கொண்டு உட்காருகிறது. கேமராவின் பின்பக்கத்தை அந்தக் காகிதத்துக்கு இணையாகப் பிடித்தால் கண்ணிலிருந்து வால் நுனி வரை முழுவதும் கூர்மையாக வரும். கொஞ்சம் சாய்ந்தாலும் வால் போய்விடும். இதற்காகத்தான் முழங்காலிட வேண்டியிருக்கிறது, பூச்சி இருக்கிற உயரத்துக்கு நாம் இறங்காமல் இணையாகப் பிடிக்க முடியாது. பழைய சாக்கு ஒன்று காரில் வைத்திருங்கள், சதுப்புநிலத்துத் தரை ஈரம் முழங்காலில் ஏறினால் அன்று முழுக்கப் போகாது.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு: 90, 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் சௌகரியம், துளை எஃப்/8, வேகம் நொடியில் 500-ல் ஒரு பங்குக்குக் குறையாமல், ஒளி போதாவிட்டால் ஐஎஸ்ஓவைத் தைரியமாக ஏற்றுங்கள், புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை, அசைந்த படத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. கைப்பேசிக்காரர்கள் மேக்ரோ பொத்தானை அழுத்தாதீர்கள், அது இரண்டு மூன்று சென்டிமீட்டர் பக்கத்தில் போகச் சொல்லும், அதற்குள் ஆள் பறந்திருக்கும். இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ பெரிதாக்கி ஒரு முழம் தள்ளி நின்று எடுங்கள். குவியம் அடிக்கடி பூச்சியை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற புல்லைப் பிடிக்கும், ஏனென்றால் இது அவ்வளவு மெல்லிசு. திரையில் பூச்சியைத் தொடுவதற்குப் பதில் அது உட்கார்ந்திருக்கிற தண்டைத் தொட்டுப் பாருங்கள். பின்னணி குப்பையாக இருந்தால் அரையடி நகர்ந்து தூரத்துத் தண்ணீரோ வெறும் பச்சையோ பின்னால் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டால் போதும். குறுக்கே வருகிற புல்லைப் பிடுங்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எரிச்சலாக இருக்கும். அந்தப் புல்லில்தான் அடுத்தது ஏறி வர வேண்டும்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். முதல் வருடம் முழுக்க மேலே சொன்ன மாதிரி பக்கவாட்டில், அழகாக, பின்னணி மழுங்க மழுங்க நீல ஊசித்தட்டான்களை எடுத்துத் தள்ளினேன். எல்லாவற்றையும் 'காமன் புளூ' என்று பெயரிட்டு ஒரே கோப்புறையில் போட்டேன், பெயரே 'சாதாரண நீலம்' என்கிறதே, சாதாரணமாகப் பார்க்கிற நீலம் அதுவாகத்தானே இருக்கும் என்று. குளிர்காலத்தில் உட்கார்ந்து சரிபார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் பெரும்பாலானவை அது இல்லை. நீலமும் கறுப்புமாக ஒரே மாதிரி இருக்கிற மூன்று இனங்கள் விக்கனில் பறக்கின்றன: 'அஸூர்', 'வேரியபிள்', 'காமன் புளூ'. நிறத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. ஆண்களைப் பிரிக்கிற அடையாளம் முதுகில் இருக்கிறது, நான் எடுத்ததெல்லாம் விலா.

வால் என்று நாம் சொல்வது உண்மையில் வயிறு, கரும்பு மாதிரி பத்துக் கணு. மார்பை ஒட்டிய முதல் கணு மிகச் சின்னது, அடுத்த இரண்டாவது கணுவைத்தான் பார்க்க வேண்டும். தலை மேலே இருக்கும்படி படத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அந்தக் கணுவில் கறுப்பு மையில் 'ப' எழுதின மாதிரி இருந்தால் அஸூர். அந்த 'ப'வுக்குக் கீழே ஒரு காம்பு முளைத்து, காலுள்ள மதுக்கோப்பை மாதிரி இருந்தால் வேரியபிள். கறுப்பு நிரம்பிய குடையும் கீழே காம்புமாகக் காளான் மாதிரி இருந்தால் காமன் புளூ. இவ்வளவுதான், ஒரு மில்லிமீட்டர் கணக்கில் இருக்கிற ஒரு எழுத்து. பெயரில் 'வேரியபிள்' என்று இருப்பது சும்மா இல்லை, கோப்பை சில சமயம் சரியாக வராது. அப்போது தோள் மேல் ஓடும் நீலக் கோட்டைப் பாருங்கள், வேரியபிளில் அது பெரும்பாலும் நடுவில் உடைந்து ஆச்சரியக்குறி மாதிரி இருக்கும்.

விலாப் படங்கள் முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. மார்பின் பக்கவாட்டில் பாதியில் நின்றுவிடுகிற குட்டையான கறுப்புக் கோடு ஒன்று அஸூருக்கும் வேரியபிளுக்கும் உண்டு, காமன் புளூவுக்குக் கிடையாது. இதை வைத்துப் பழைய கோப்புறையில் பாதியைக் காப்பாற்றினேன். இப்போதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம்: முதலில் மேலிருந்து ஒன்று, அழகில்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்து தெரிந்தால் போதும், அப்புறம் பக்கத்திலிருந்து ஆசைக்கு எத்தனை வேண்டுமானாலும். தேதியும் இடமும் படத்தோடு இருக்கட்டும். இது வெறும் பட்டியல் பைத்தியம் இல்லை. அஸூருக்கு மிக நெருங்கிய சாயலில் 'டெயின்டி' என்று ஒரு ஊசித்தட்டான் எசெக்ஸ் கரையோரத்தில் இருந்தது, 1953-ல் வடகடல் வெள்ளம் உள்ளே புகுந்தபோது அழிந்துபோனது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு 2010-ல் கென்ட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். 'நீலமாக இருந்தது, படம் நன்றாக வந்தது' என்று போய்க்கொண்டே இருப்பவர்கள் கண்ணில் அது பட்டிருக்காது.

பெண்களை முதல் வருடம் விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். அம்மா பார்த்த புளூ-டெயில்டை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆணுக்கு ஒரே உடுப்பு, பெண்ணுக்கு ஐந்து. இளசில் ஊதா மார்பு ஒன்று, ரோஜா மார்பு ஒன்று, வயது ஏற ஏற ஊதாவாக இருந்தது ஆண் மாதிரியே நீலமாகவோ அல்லது ஆலிவ் பச்சையாகவோ மாறும், ரோஜாவாக இருந்தது பழுப்பாகும். இதை அம்மாவிடம் சொன்னபோது "பொம்பளைக்கு அஞ்சு புடவைகூட வேணாமா" என்று முடித்துவிட்டார்.

ஜோடி சேர்ந்து இதய வடிவில் வளைந்து உட்கார்ந்திருப்பதை எல்லோரும் எடுப்பார்கள், நீங்களும் எடுப்பீர்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எடுக்க இன்னும் சுவாரசியம். ஆண் தன் வால் நுனிக் கொக்கியால் பெண்ணின் கழுத்துப் பகுதியைப் பிடித்திருக்கிறது, பெண் தன் வாலை வளைத்து ஆணின் இரண்டாவது கணுவுக்கு அடியில், அதாவது நாம் எழுத்து படித்த அதே இடத்தின் அடிப்பக்கத்தில், சேர்க்கிறது. ஆண் முன்கூட்டியே விந்தை அங்கே மாற்றி வைத்திருக்கும். வெறுமனே விந்து கொடுப்பதோடு விடாமல், முன்பு வந்த ஆணின் விந்தைச் சுரண்டி வெளியேற்றிவிட்டுத்தான் தன்னுடையதை வைக்கிறது என்று 1979-ல் ஜொனதன் வாகே என்ற உயிரியலாளர் ஒரு அமெரிக்க ஊசித்தட்டானில் காட்டினார். இதய வடிவம் என்று வாழ்த்து அட்டையில் போடுகிறவர்களுக்கு இது தெரியாது. தன் முறையும் அப்படிப் போய்விடக் கூடாது என்பதால்தான் பெண் முட்டையிடும்போதும் அஸூர் ஆண் பிடியை விடுவதில்லை. பெண் நீர்த்தாவரத் தண்டில் துளைபோட்டு முட்டை வைத்துக்கொண்டிருக்கும், ஆண் அதன் கழுத்தின் மேல் ஆணி அடித்த மாதிரி நிமிர்ந்து நிற்கும். இருபது முப்பது ஜோடிகள் ஒரே மிதக்கும் இலைக்கூட்டத்தில் அப்படி நிற்பதை மே கடைசியில் பார்க்கலாம்.

பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள், இறங்கினால் கால் புதையும், தவிர நீங்கள் மிதிக்கிற ஓரத்தில்தான் புதிதாக வந்தவை காய்ந்துகொண்டிருக்கும். முழுக்கால் சட்டை போட்டு, நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், உயரமான புல்லில் உண்ணி ஏறும், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பைப் பார்த்துவிடுங்கள். இரண்டு மீட்டர் கிட்டத்தில் குவியும் தொலைநோக்கி யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள். மே மாதம் குயில் கூவும், அது நம்மூர்க் குயிலல்ல, கடிகாரத்தில் கூவுமே அந்தக் குக்கூ. அண்ணாந்து பார்த்தால் ஹாபி என்கிற சின்ன வல்லூறு தட்டான்களைக் காலால் பிடித்துப் பறந்தபடியே தின்றுகொண்டிருக்கும்.

அம்மா கிளம்பும் முன் அவர் கைப்பேசியில் இருந்த படங்களைப் பார்த்தேன். எட்டுப் படம், ஏழில் பூச்சியே இல்லை, வெறும் தண்டு. எட்டாவதில் தண்டுக்கு இரு பக்கமும் இரண்டு புள்ளிகள். எந்த இனம் என்று அதை வைத்துச் சொல்ல வழியில்லை, மேலிருந்து ஒன்று எடுத்திருக்கலாமே என்றேன். "அது காட்டுனாத்தானே" என்றார்.